வெள்ளி டம்ளரில் ஒரு பந்து

கொலை எதிர்பார்த்து இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்த வாசகர், இந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் என்னை மன்னிக்க வேண்டும். இதில் பிணம் இல்லை, துப்பாக்கி இல்லை, சிவப்புப் புடவை கட்டிய மர்மப் பெண்ணும் இல்லை. எண்ணூரில் ஒரு மைதானம், ஒரு கோல்ப் பந்து, பத்துப் பழைய சிநேகிதர்கள், அவ்வளவுதான். துப்பறியும் அமீருதீனின் உதவியாளன் லூயிஸ் என்ற முறையில் அவருடைய பதினோரு கேஸ்களை இதுவரை எழுதியிருக்கிறேன். எதற்கும் என் பேனா இப்படி மக்கர் செய்ததில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏன் என்று போகப்போகத் தெரியும்.

1952ஆம் வருஷம், பிப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றே கால் மணி.

"அந்தத் தூக்கைத் தொறந்து காட்டச் சொல்லு," என்றான் கோதண்டம்.

மைதான வேலையாள் அப்பாவு சோறு கொண்டுவரும் தூக்குச்சட்டி அது. அவன் அதைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுற்றிலும் நாங்கள்.

எங்கள் பத்துப் பேருக்கும் பூர்வீகம் ஒன்றுதான். சின்ன வயதில் இதே எண்ணூர்க் கம்பெனி மைதானத்தில் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு மட்டைப் பை சுமந்தவர்கள். எங்களுக்குக் கேடிகள் என்று பெயர். போலீஸ் ஸ்டேஷனில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்பதால் எங்கள் அம்மாக்களுக்கு அது பிடிக்காது. துரைமார்கள் கப்பலேறிப் போனார்கள். எங்களில் எட்டுப் பேர் முன்னுக்கு வந்து, துரைமார்கள் விட்டுப்போன மட்டைகளையே விலைக்கு வாங்கி, வருஷத்தில் ஒரு ஞாயிறு நாலு நாலு பேராகப் பிரிந்து இங்கே ஆடுகிறார்கள். ஓர் அணிக்குத் தலைவர் என் வாத்தியார் அமீருதீன். துறைமுகத்தில் சுங்கச் சோதனை வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தவர். மற்ற அணிக்குத் தலைவர் திருவொற்றியூர் தோல் மண்டி சௌக்கத் அலி. வியாசர்பாடியிலிருந்து வரும் ரயில்வே பிட்டர் கோதண்டம் அவர் அணி. ஒன்பதாவது ஆள் நான், வாத்தியாரின் பை என் தோளில். பத்தாவது ஆளான அப்பாவு மட்டும் மைதானத்தைவிட்டு எங்கேயும் போகவில்லை. இன்றைக்கும் அவனுக்கு அங்கேதான் வேலை, பம்பு ஷெட்டுக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த குடிசை.

எண்ணூர் உப்புக் காற்றுக்குப் புல் சரியாக வராது. அதனால் குழியைச் சுற்றி மணலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து கெட்டித்து வைத்திருப்பார்கள். அந்த வட்டத்துக்கு 'பிரவுன்' என்று பேர். கோணிச் சாக்கைக் கயிற்றில் கட்டி இழுத்து, அதன் மேலுள்ள தடங்களை அழித்துச் சமன் செய்வது அப்பாவுவின் வேலை.

இனி நடந்த விவகாரம். கடைசிக் குழி வரை இரண்டு அணியும் சமமாக இருந்தன. வாத்தியார் அடித்த பந்து வலப்பக்கம் முள் புதருக்குப் போனதைக் கோதண்டம் தன் கண்ணால் பார்த்தானாம். எல்லோரும் நடந்து போய்ச் சேர்ந்தபோதோ, பந்து பிரவுனுக்கு ஒரு சாண் தள்ளிச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வாத்தியார் ஒரே தட்டில் அதைக் குழிக்குள் தள்ளினார். நாலு வருஷமாகத் தோற்றவருக்கு முதல் ஜெயம். எங்கள் வழக்கப்படி, ஜெயித்த பந்தை அவர் கையாலேயே குழியிலிருந்து எடுத்து, வெள்ளி டம்ளருக்குள் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தோற்ற தலைவரிடம் நீட்டினார். தோற்றவர் அதை ஒரு வருஷம் வீட்டில் வைத்துத் தினமும் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் ஊர் பரிசளிப்பு.

சௌக்கத் அலி டம்ளரை வாங்கிக்கொண்டபோதுதான் கோதண்டம் புதரடியிலிருந்து கத்தினான். ஈர மணலில் ஒரு வெறுங்கால் தடம், இடது கால்.

கேடிகளின் பழைய வித்தை ஒன்று உண்டு. பந்தைக் கால் விரலிடுக்கில் கவ்விக்கொண்டு, குனியாமல் கொள்ளாமல், வானத்தைப் பார்த்தபடி நடந்துபோய் நல்ல இடத்தில் நழுவ விடுவது. துரை ஜெயித்தால் கேடிக்கு இனாம். பத்துப் பேரும் செய்திருக்கிறோம். எங்களுக்குள் ஒரே ஒரு கண்டிஷன், எவன் கால் என்ன செய்தாலும் இன்னொரு கேடி வாயைத் திறக்கக் கூடாது.

ஆடிய எட்டுப் பேரும் பூட்ஸ், நான் செருப்பு. வெறுங்காலோடு நடந்தவன் அப்பாவு ஒருவன்தான். போதாக்குறைக்கு, யாரும் சொல்லாமலே அவன் புதரிலிருந்து பிரவுன் வரைக்கும் சாக்கை இழுத்துத் தடங்களை அழித்திருந்தான். அந்த ஒரு தடம்தான் தப்பியது.

"எதுக்குடா அழிச்சே?" என்று கேட்டார் சௌக்கத் அலி.

அப்பாவு சாக்கிலிருந்த மணலை உதறினான்.

சௌக்கத் அலி வாத்தியார் பக்கம் திரும்பினார். "அமீரு, இது உனக்குத் தெரியாம நடந்திருக்கும்னு நம்புறேன். ஆனா நம்பறதுக்குக் கஷ்டமா கீது." டம்ளரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரோட்டில் நின்ற ஜட்கா ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

கோதண்டம் விடவில்லை. "எடுத்து வெச்சானோ, வேற பந்தை மாத்தி வெச்சானோ, சோதனை போட்டாத் தெரிஞ்சிடும்."

"நான் பாக்கறேன்," என்று முன்னால் வந்தவன் நான்தான். துப்பறிபவரின் உதவியாளன் அல்லவா, சோதனை போடுவது என் தொழில். மடியைத் தடவினேன், தலைப்பாகையை உதறினேன். "பந்து கொழம்புல ஊறிக்கினு கீதோ இன்னாவோ," என்று ஒரு ஜோக்கும் அடித்துவிட்டுத் தூக்கின் மூடியைத் திறந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும்போது அப்பாவு மட்டும் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். "குப்பம்மா வஞ்சிர மீனு கொழம்பு வெச்சுக் குடுத்துக்கீறா. உங்க நாக்குக்கு அந்தக் காரம் தாங்காதுப்பா," என்பான். நாங்களும் அவனுடைய அதிர்ஷ்டத்தைக் கிண்டல் செய்வோம்.

தூக்கில் பழைய சோறு இருந்தது. அதுவும் பாதிக்கு மேல் தண்ணீர். இரண்டு பச்சை மிளகாய் மிதந்தது.

நான் மூடியைத் திரும்பப் போட்டேன். அது சரியாக உட்காராமல் ஆடியது. அப்பாவு அதை என் கையிலிருந்து வாங்கி அழுத்தி மூடினான்.

கோதண்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைதானச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதப் போவதாகச் சொன்னான். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டால் அப்பாவுவுக்கு வேலை போகும், வேலையோடு குடிசையும் போகும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அதுவரை வாயே திறக்காத வாத்தியார் அப்போதுதான் பேசினார்.

"நாலு மணி வரைக்கும் எனக்கு டைம் குடு. அப்பாவு, காலைத் தூக்கிக் காட்டு."

அப்பாவு ஒரு காலைத் தூக்கினான். விடியற்காலையிலிருந்து ஆயில் மிதித்த கால். விரலிடுக்கெல்லாம் கறுப்பு அப்பிக் கிடந்தது.

"பிரவுன்ல உருண்டா பந்துல தூசு ஒட்டும், அவ்ளோதான். இந்த விரல் புடிச்சிருந்தா தாரு பூசினாப்போல ஆயிருக்கும். பந்தைப் பாத்தா தெரிஞ்சிடும். பந்து எங்க?"

"சௌக்கத் பாயோட போயிடிச்சு," என்றான் கோதண்டம், கொஞ்சம் சுரத்துக் குறைந்து.

"லூயிசு, சைக்கிளை எடு."

மைதானத்தில் இருந்த ஒரே சைக்கிள் அப்பாவு ஆயில் டின் கட்டி வரும் சைக்கிள். பின் சக்கரத்தில் காற்று இல்லை. அப்பாவுவே பம்பை எடுத்து வந்து அடித்துக் கொடுத்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எண்ணூரிலிருந்து திருவொற்றியூருக்கு ஐந்து மைல். வாத்தியார் துப்பறிவதில் எவ்வளவு கனமான ஆளோ, கேரியரிலும் அவ்வளவு கனம். இடது பக்கம் கடல், எதிரே காற்று. வழக்கமாக இந்த மாதிரி சமயத்தில் நான் வாயை மூட மாட்டேன். அன்றைக்கு ஒரு மைல் வரை ஒன்றும் வரவில்லை.

"இன்னாடா சத்தமே காணோம்?" என்றார் பின்னாலிருந்து.

"நீங்க கொஞ்சம் எறங்கி நடந்தா சத்தம் வரும் வாத்தியாரே."

"காலு எரியுதா?"

"எந்தக் காலு?"

"சேத்துப்புண்ணு காலு. காலைல மருந்து போட்டமே."

துறைமுகச் சேற்றில் ஒரு கேஸுக்காக மூன்று நாள் நின்றதில் என் இடது கால் விரலிடுக்கு புண்ணாகியிருந்தது. அதனால்தான் அன்று பூட்ஸ் போடாமல் செருப்பு. காலையில் ரயிலுக்குக் கிளம்புமுன் வாத்தியாரே குந்தி உட்கார்ந்து, பஞ்சில் ஊதா மருந்தைத் தொட்டுத் தடவிவிட்டார். அப்படிப்பட்ட மனிதர். எனக்கு அவர் முதலாளி இல்லை, அண்ணன் மாதிரி.

"எரியல," என்று சொல்லிவிட்டு வேகமாக மிதித்தேன்.

சௌக்கத் அலி வீட்டில் இல்லை. லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். அவர் மனைவி ரஹீமுன்னிசா கதவோரம் நின்று பேசினார்.

"வந்ததும் வராததுமா டம்ளரை அரிசி மூட்டை மேல வெச்சுட்டு மொகத்தைத் திருப்பிக்கினு போனாரு. நாலு வருசமா உங்க வூட்ல குந்திக்கினு இருந்த டம்ளருதானே அண்ணே. உங்க வூட்டம்மா அதுல உளுந்து அளப்பாங்களாமே."

"இந்த வருசமும் உளுந்து அளக்கட்டும்னுதான் தோணுது," என்றார் வாத்தியார். "அதைக் கொஞ்சம் குடும்மா."

துணி கட்டிய டம்ளர் வந்தது. கட்டு அவிழவில்லை, வாத்தியார் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. ரஹீமுன்னிசா அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"அப்பாவு அண்ணனையா சந்தேகப்படறீங்க? போன பெருநாளைக்கு வந்திருந்திச்சு. பிரியாணி போட்டேன். பசிக்கலன்னு சொல்லி அத்தனையும் தூக்குல வாங்கிக்கினு வூட்டுக்கு எடுத்துக்கினு போச்சு. இங்க ஒரு பருக்கை வாயில வெக்கல."

வாத்தியார் தலையாட்டினார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிவாசல் தெருமுனையில் இருந்தது. வாத்தியார் வாசலில் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். பூட்ஸைக் கழற்றினார். டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"நானும் தொழுதுட்டு சௌக்கத்தைக் கூட்டிக்கினு வரேன். அவன் எதிர்லதான் கட்டை அவுக்கணும். கால் மணி ஆவும். பத்திரமா வெச்சிக்கினு இரு."

அவர் உள்ளே போனார். தெருவில் ஓர் ஆடும் நானும்தான்.

இந்த இடத்தில் இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். இனி மூடிவைத்துப் பயனில்லை. அந்த முடிச்சை நான் அவிழ்த்தேன். பந்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தாரும் இல்லை, கறுப்பும் இல்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும், நேர் எதிராக, சுண்டைக்காய் அளவில் இரண்டு ஊதாக் கறை இருந்தது.

ஆம், வாசகரே. வலப்பக்கம் போன பந்தைத் தேடி முதலில் புதருக்கு ஓடியவன் நான். வேருக்கடியில், எந்த மட்டையாலும் அடிக்க முடியாத இடத்தில் அது கிடந்தது. காலையில் ரயிலில் வாத்தியார் சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார், இந்த வருஷமாவது ஜெயிக்கணும்டா லூயிசு என்று. இடது செருப்பைக் கழற்றினேன். பதினைந்து வருஷமாகச் செய்யாத வித்தை, ஆனால் கால் மறக்கவில்லை. பிரவுன் அருகே விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தால், பத்தடி தள்ளி அப்பாவு சாக்கோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் சாக்கை இழுத்து என் தடத்தை அழித்தான்.

அந்த மனிதனின் தூக்கைத்தான் நான் திறந்தேன். கண்கள் என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று திறந்தேன்.

இன்னும் இருக்கிறது. பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டு பந்தின் மேல் துப்பி, கைக்குட்டையால் தேய்த்தேன். கறை போகவில்லை, பரவியது. மண்ணை அள்ளித் தேய்த்தேன். ஞாயிறு பூசைக்குப் போகாமல் வந்தவன், மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு தேய்த்தேன். கைக்குட்டை ஊதா, கட்டைவிரல் ஊதா. பந்து முன்னைவிட ஊதா.

"எச்சிலுக்கெல்லாம் அது போவாது, லூயிசு. ஸ்பிரிட்டு வேணும்."

வாத்தியார் பின்னால் நின்றிருந்தார். கூட யாரும் இல்லை. கால் மணி நேரம் ஆகவும் இல்லை.

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ உளறியிருப்பேன். அவர் என் கையிலிருந்து பந்தை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, சைக்கிளில் சாய்ந்துகொண்டார்.

"எப்பலேர்ந்து தெரியும் வாத்தியாரே?"

அவர் பந்தை இன்னொரு தரம் உருட்டினார். வாத்தியார் ஒரு கேள்விக்குத் தயங்கி நான் பார்த்ததே இல்லை.

"குழிலேர்ந்து எடுத்தப்பவே பாத்தேன்," என்றார்.

நான் வாயைப் பிளந்தேன்.

"மைக் கறைன்னு நெனச்சுக்கினேன். இல்ல, அது பொய். மைக் கறைன்னு வெச்சிக்கலாம்னு முடிவு பண்ணேன். காலைல மருந்து தடவினவன் நான்தானே, அந்தக் கலரு எனக்குத் தெரியாதா? நாலு வருசம் தோத்தவன்டா. நான் அடிச்ச அடி அங்க போய் வுழாதுன்னு என் கைக்குத் தெரியும். கப்பல்ல வர்ற பொட்டியை வெளில தட்டியே உள்ள இன்னா கீதுன்னு சொல்றவன். என் பந்தை மட்டும் தட்டிப் பாக்கல."

"வாத்தியாரே, தப்பு என்னோடது."

"நீ அவன் தூக்குல கை வெச்சப்ப, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நின்னு பாத்துக்கினு இருந்தேன். அந்தச் சோத்தைப் பாத்தப்புறம்தான் வாய் தொறந்துச்சு. அப்பவும் உண்மையைச் சொல்ல வரல, டைம் கேக்கத்தான் வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு இம்மாந்தூரம் சைக்கிள் மிதிக்க வெச்சீங்க?"

"வழியில நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொன்னா நான் சொல்ல வேண்டியதில்ல பாரு. சொல்லல. தனியா வுட்டுப் பாத்தேன். நீ அழிக்கப் பாத்தே." பந்தை டம்ளருக்குள் போட்டார். "உன்னைத் திட்டறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. உள்ள போய் வரிசையில நின்னேன், கையைக் கட்டவே முடியல. திரும்பி வந்துட்டேன்."

தொழுகை முடிந்து சௌக்கத் அலி வெளியே வந்தார். வாத்தியார் டம்ளரை அவரிடம் நீட்டி, "இது இந்த வருசமும் என் வூட்ல இருக்க வேண்டியது. வா, எல்லார் எதிர்லயும் சொல்றேன்," என்றார். சௌக்கத் அலி பந்தைப் பார்த்தார், என் கட்டைவிரலைப் பார்த்தார், கீழே என் காலைப் பார்த்தார். கறையைப் பார்த்தே தோலைத் தரம் பிரிக்கும் மண்டிக்காரருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. வழி நெடுக அவர் ஜட்காவில் வந்தார், நாங்கள் பின்னால் சைக்கிளில் வந்தோம்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கோதண்டம் எழுதிய கடிதத்தில் ஐந்து கையெழுத்து விழுந்திருந்தது. பிரியாணி தேக்சா திறக்கப்படாமல் சவுக்கு நிழலில் இருந்தது. அப்பாவு மூன்றாவது பிரவுனில் சாக்கு இழுத்துக்கொண்டிருந்தான். நாளைக்கு அங்கே வேலை இருக்குமோ இருக்காதோ, இன்றைய வேலையைச் செய்துகொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டார்கள்.

வாத்தியார் பேச வாயெடுத்தார். "நான் சொல்றேன்," என்றேன். சர்ச்சில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்கும் நமக்கும் நடுவே ஒரு தட்டியாவது இருக்கும். இங்கே ஒன்பது முகம் நேராக. இடது செருப்பைக் கழற்றி விரலிடுக்கைக் காட்டினேன், பந்தைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன், பள்ளிவாசல் வாசலில் துப்பியது உட்பட. எனக்குப் பின்னால் வாத்தியார் தன் பங்கைச் சொன்னார். பதினோரு கேஸில் குற்றவாளியின் முகத்தை நிமிர்ந்து பார்த்து அடையாளம் காட்டியவர், அன்று தலை குனிந்து பேசினார்.

யாராவது ஓர் அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடவில்லை. கோதண்டம் கடிதத்தை நாலாகக் கிழித்து, துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

அப்பாவு சாக்குக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். நான் அவனிடம் போனேன்.

"பாத்தியேடா. ஏன் சொல்லல?"

"கேடியை கேடி சொல்லக் கூடாது. நம்ப கண்டிசன்தானே."

"வேலை போயிருக்குமேடா."

"போயிருக்கும்."

"மன்னிச்சிடு அப்பாவு. பந்தை எடுத்தது…"

"பந்தை வுட்றா." கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தினான். குரலில் கோபம் இல்லை. "தூக்கை ஏன்டா தொறந்தே? வருசா வருசம் வஞ்சிரம்னு சொல்லிக்கினு இருந்தேன். இனிமே இன்னா சொல்லிக்கினு தனியா போயி குந்துவேன்?"

நான் குனிந்து, கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டேன்.

சௌக்கத் அலி தேக்சாவைத் திறந்து, பெரிய தட்டு ஒன்றில் பிரியாணி போட்டு, "அப்பாவு, வாடா. என் பக்கத்துல குந்து," என்றார். "இருக்கட்டும் பாய்," என்றான் அப்பாவு. தூக்கை எடுத்துக்கொண்டு, எப்போதும் போலக் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். நான் தட்டை வாங்கிக்கொண்டு அவனிடம் நடந்தேன். நாலடி இருக்கும்போது அவன் தூக்கின் மூடி மேல் கையை வைத்து மறைத்தான். தட்டோடு திரும்பி வந்தேன்.

காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான். ஐந்தே முக்கால் ரயிலுக்கு நாங்கள் எல்லோரும் கிளம்பிப் போகும் வரைக்கும் அந்தக் கையை அவன் எடுக்கவில்லை.